சிக்னலில் சேமித்து ஹைவேயில் செலவழிக்கும் வண்டி: கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட் மைலேஜ்

மூன்று வருஷமாக இந்த வண்டியை ஓட்டுகிறேன், சஸ்பென்ஷன் எப்படி, சீட் எப்படி என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. கோவில்பட்டியில் மாமா வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கி, காலை நீட்டி நிமிர்வதற்குள் வந்த முதல் கேள்வி, "என்ன மாப்ள, லிட்டருக்கு எவ்ளோ குடுக்கு?" என்பதுதான். பதினெட்டு என்றேன். மாமா எங்கேயோ இருபத்தெட்டு என்று கேள்விப்பட்டிருக்கிறார். "ஹைபிரிட்னுலா சொன்னாவ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு அன்றைக்கு நிதானமாகச் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டி மாருதி கிராண்ட் விட்டாரா, ஸ்ட்ராங் ஹைப்ரிட், அதாவது இன்ஜின் இல்லாமல் மோட்டார் மட்டுமே கொஞ்ச தூரம் வண்டியை இழுக்கக்கூடிய வகை. 2022 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. டொயோட்டா ஹைரைடரும் உள்ளுக்குள் இதேதான், அதனால் அதை வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். மூன்று சிலிண்டர், 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், கூடவே ஒரு மோட்டார், இரண்டும் சேர்ந்து 116 குதிரைத்திறன். பேட்டரி 0.76 கிலோவாட் ஹவர், நம் வீட்டு ஈபி பில் கணக்கில் முக்கால் யூனிட் கரண்ட், அவ்வளவுதான். இந்த முக்கால் யூனிட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். கம்பெனி அறிவித்த மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். அது பொய்யான எண் இல்லை, ரோட்டில் எடுத்த எண்ணும் இல்லை. உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, ஏசியை அணைத்து, இருபது நிமிஷத்துக்குள் முடிகிற ஒரு சோதனையில் எடுப்பது. அதில் தொடுகிற உச்ச வேகமே 90தான். எல்லா கம்பெனி வண்டிக்கும் இதே பரீட்சை என்பதால் இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க உதவும், மாச பட்ஜெட் போட உதவாது.

நான் அளப்பது பழைய முறை. டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரை ஜீரோ செய்து, ஓட்டி, திரும்ப அதே பங்க்கில் அதே பம்ப்பில் நிரப்பி, கிலோமீட்டரை லிட்டரால் வகுப்பது. டேங்க் நிரம்பியதும் பம்ப் தானாக நிற்கும், அந்த முதல் ஆட்டோ கட்டோடு நிறுத்திவிட வேண்டும், அதில்தான் எப்போதும் சண்டை. "ரவுண்டா போட்டுரவா சார்?" என்று கேட்டுக்கொண்டே இன்னும் அரை லிட்டரை அமுக்கிவிடுவார்கள், கணக்கு போச்சு. டிஸ்ப்ளே காட்டுவதை நம்பி எழுதினால் இந்த வேலையெல்லாம் இல்லை, ஆனால் அது கொஞ்சம் தாராள மனசுக்காரன். ஒரு டேங்கைச் சொல்கிறேன்: 781 கிலோமீட்டர், 34.8 லிட்டர், அதாவது 22.4. டிஸ்ப்ளே 23.8 என்று காட்டியது. என் நோட்டில் அனேகமாக எல்லா டேங்கிலும் இப்படி ஒன்று, ஒன்றரை கூடுதலாகத்தான் காட்டியிருக்கிறது.

அந்த 22.4 முழுக்க முழுக்கச் சென்னைக்குள் ஓட்டியது. மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வழியாகச் சிறுசேரி, போக வர 36 கிலோமீட்டர், மெட்ரோ வேலையால் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். முன்னால் வைத்திருந்த சாதாரண பெட்ரோல் வண்டி இதே ரோட்டில் 11, 12 தாண்டியதில்லை. இங்கேதான் இந்த வண்டியின் வித்தை. ஊர்ந்து போகும்போது இன்ஜின் அணைந்து மோட்டார் இழுக்கிறது, பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் வேறு வண்டியில் சூடாகிக் காற்றில் போவதில் ஒரு பகுதி இதில் பேட்டரிக்குத் திரும்பி வருகிறது. சோழிங்கநல்லூர் சிக்னலில் மூன்று தடவை பச்சை விழுந்தும் தாண்ட முடியாமல் நிற்கும்போது, பக்கத்து வண்டியெல்லாம் பெட்ரோலைக் குடித்துக்கொண்டு நிற்க, நம்முடையது சத்தமே இல்லாமல் நிற்பதில் ஒரு அல்ப சந்தோஷம் உண்டு, மறைப்பானேன்.

மே மாசத்தில் அந்தச் சந்தோஷம் குறையும். ஏசி கம்ப்ரஸர் கரண்டில் ஓடுவது என்பதால் இன்ஜின் அணைந்திருந்தாலும் குளிர் வரும், அது நல்லதுதான், ஆனால் அந்தக் கரண்ட் அதே முக்கால் யூனிட்டிலிருந்துதான் வர வேண்டும். வெயிலில் நின்ற வண்டியைக் குளிர்விக்கும்போது சில நிமிஷத்தில் சார்ஜ் இறங்கி, நின்ற இடத்திலேயே இன்ஜின் உறுமத் தொடங்கும். டிசம்பரில் 23 பார்த்தவன் மே மாசம் 20க்கு வந்துவிடுகிறேன். இன்னொன்று, பையனைப் பள்ளியில் விட்டுவரும் இரண்டு கிலோமீட்டர். காலையில் குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்க வண்டி தானாகவே அதை ஓட விடும், சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். அப்படியே ஒரு வாரம் ஓட்டினால் டிஸ்ப்ளேயில் 14, 15தான். கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் வண்டி வேண்டும் என்றால் இது வேண்டாம்.

இப்போது ஹைவே. சிட்டியில் குறையும், ஹைவேயில் ஏறும் என்று அப்பா காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தோம். இந்த வண்டியில் அது தலைகீழ். தீபாவளிக்கு ஊருக்குப் போனேன், நான்கு பேர், சாமான், ஏசி, விக்கிரவாண்டி தாண்டியதிலிருந்து ஸ்பீடாமீட்டர் முள் 100க்கும் 110க்கும் நடுவில். 552 கிலோமீட்டருக்கு 31 லிட்டர், 17.8 வருகிறது. அந்த வேகத்தில் இன்ஜின் அணைய வாய்ப்பு ரொம்பக் குறைவு, பிரேக் பிடித்தால்தானே பேட்டரிக்கு ஏதாவது திரும்பி வரும், டோல்கேட்டைத் தவிர எங்கே பிடிப்பது? மோட்டாரும் பேட்டரியும் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்து வருகிற இரண்டு விருந்தாளிகள் மாதிரி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது, 80க்கும் 110க்கும் நடுவில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, இவ்வளவு உயரமான மூஞ்சியை வைத்துக்கொண்டு அதில் மோதினால் பெட்ரோல்தான் பதில் சொல்ல வேண்டும்.

திரும்பி வரும்போது அம்மாவும் வந்தார்கள். அம்மாவுக்கு வேகமாகப் போனால் குமட்டும், "மெதுவாப் போடா, எந்தக் கோட்டையப் பிடிக்கப் போற" என்று வழி நெடுக ஓயவில்லை, அதனால் 80, 85க்கு மேல் போகவே முடியவில்லை. கூட ஒரு ஆள், கூடவே பத்து கிலோ கடலை மிட்டாய், அதே 552 கிலோமீட்டர், 25.9 லிட்டர். 21.3! ஐந்து லிட்டர் மிச்சம், நேரம் ஒரு மணிக்கும் கொஞ்சம் அதிகமாகப் பிடித்தது. ஐநூறு ரூபாய்க்கு ஒரு மணி நேரம் லாபமா நஷ்டமா என்பது அவரவர் பொறுமையைப் பொறுத்தது. என் பொறுமை திருச்சியோடு தீர்ந்துவிட்டது, அம்மா தூங்கியிருந்தால் 21 வந்திருக்காது.

மலையைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு, ஏறும்போது குடிப்பதை இறங்கும்போது ஹைப்ரிட் திருப்பித் தந்துவிடும் என்று. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏற்றம். ஆட்களோடு ஒன்றரை டன் வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கினால் கையில் வரக்கூடிய சக்தி ஏழு யூனிட்டுக்கு மேல். நம்மிடம் உள்ள பாத்திரம் முக்கால் யூனிட். குன்னூர் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே பேட்டரி நிரம்பிவிட்டது, அப்புறம் இன்ஜின் பெட்ரோல் இல்லாமல் வெறுமனே சுற்றி வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலையைத்தான் பார்த்தது. சத்தம் பெரிதாக வரும், முதல் தடவை கேட்டால் பயமாக இருக்கும், ஒன்றுமில்லை. மலை இறக்கத்தில் லீவரை B-யில் (பார்க்கிங்குக்கான P இல்லை, இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்த உதவும் B) போட்டுவிட்டால் பிரேக் சூடாவது குறையும். ஏறும்போது 12தான் கிடைத்தது.

எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றியும் கேட்பார்கள். எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, இருபது சதவீதம் கலந்தால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். என் நோட்டில் முதல் வருஷத்துக்கும் இப்போதைக்கும் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் வித்தியாசம் தெரிகிறது. டயரும் தேய்ந்திருக்கிறது, டிராஃபிக்கும் கூடியிருக்கிறது, முழுப் பழியையும் எத்தனால் தலையில் போட மனசு வரவில்லை.

சரி, காசு. நான் வாங்கியபோது இதே வண்டியின் மைல்ட் ஹைப்ரிட் (மோட்டார் இன்ஜினுக்குக் கை மட்டும் கொடுக்கும், தனியாக இழுக்காது) ஆட்டோமேட்டிக்குக்கும் இதற்கும் ஏறக்குறைய இரண்டரை லட்சம் வித்தியாசம். ஆபீஸில் ஒருவர் அந்த மைல்ட் ஹைப்ரிட்டைத்தான் வைத்திருக்கிறார், எங்கள் ரோட்டில் அவருக்கு 12, ஹைவேயில் 17. மாசம் 1,000 கிலோமீட்டர் என்றால் சிட்டியில் எனக்கு 35, 40 லிட்டர் மிச்சம், மாசம் 3,500க்கு மேல், ஆறு வருஷத்துக்குள் போட்ட காசு வந்துவிடும். அதே ஆயிரத்தை முழுக்க ஹைவேயில் வேகமாக ஓட்டினால் இரண்டு, மூன்று லிட்டர்தான் மிச்சம். அப்படியானால் காசு என் பையன் ரிட்டையர் ஆன பிறகுதான் திரும்பி வரும்.

மாமா வாரத்துக்கு இரண்டு தடவை மதுரை போய் வருகிறவர், கோவில்பட்டிக்குள் அவர் நிற்கிற சிக்னலை விரலில் எண்ணிவிடலாம். கிளம்புகிற அன்றைக்கு, உங்களுக்கு இது சரிப்படாது மாமா, கிரெட்டாவோ செல்டோஸோ டீசலில் பாருங்க என்று சொன்னேன். "அதான பாத்தேன்" என்றார். அதற்கப்புறம்தான் முகத்தில் சிரிப்பே வந்தது.