சாஃப்ட்பாக்ஸ் விளக்கு: எல்லாம் சரி, சிவப்பு மட்டும் வரவில்லை

குன்னூரில் குழந்தைத் துணி விற்கத் தொடங்கப்போகும் தங்கை ஒருத்தி, "அந்த எல்.இ.டி. சாஃப்ட்பாக்ஸ் செட் விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமாக்கா?" என்று கேட்டிருந்தாள். பலரும் பார்த்திருக்கும் செட்தான்: இரண்டு ஸ்டாண்ட், முன்னால் வெள்ளைத் துணி மாட்டிய இரண்டு பெட்டி, திருகி மாட்டும் பல்பு. கோத்தகிரியில் என் ஆன்லைன் கடைக்கு ஒரு வருடத்துக்கும் மேலாக இதை வைத்துத்தான் படம் எடுக்கிறேன். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூடுபனிக்குள் வடிந்து வரும் வெளிச்சத்தைப் போலத் துணிக்கு அழகான வெளிச்சம் வேறு இல்லை. ஆனால் அது நிலையாக நிற்காது. ஸ்வெட்டரின் முன்பக்கத்தை எடுத்துவிட்டுத் திருப்பிப் போடுவதற்குள் பனி விலகி வெயில் அடித்துவிடும். ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒரு படத்தில் நீலமாகவும் அடுத்த படத்தில் மஞ்சளாகவும் தெரியும். அப்புறம், எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. அக்டோபர், நவம்பரில் மதியம் தாண்டினாலே வீட்டுக்குள் இருட்டு. ஸ்வெட்டர் ஆர்டர் வரும் பருவமும் அதுதான். இந்த விளக்கு வந்த பிறகு ராத்திரி சமையலை முடித்துவிட்டு எடுத்த படமும் பகலில் எடுத்ததும் ஒன்றுபோல இருக்கின்றன. ஒரு விளக்கை அணைத்து, இன்னொன்றைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்தால் கைப்பின்னலின் ஒவ்வொரு முடிச்சும் எழுந்து தெரியும். எனக்கு இன்றைக்கும் அது அலுக்கவில்லை. போனில் படத்தின் குறுக்கே கோடு விழுந்தால் ப்ரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியாக வைக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இப்படிப்பட்ட பல்புகள் நொடிக்கு 100 முறை மினுக்கும், அதனால்தான். போன வாரம் ஒரு ஹோல்டர் போனது. ஊர் எலக்ட்ரீஷியன் மாற்றிக் கொடுத்தார், அதில் குறை ஒன்றும் இல்லை.

குறை சிவப்பில்தான்.

ஸ்வெட்டரோடு, நீலகிரிப் பழங்குடியான தோடர்களின் எம்பிராய்டரி போட்ட சால்வைகளும் விற்கிறேன். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கருப்பும் நூல். கோடு எதுவும் வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணித் தோடர் பெண்கள் போடும் வேலை அது. 2013இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதன் உயிரே அந்த அழுத்தமான சிவப்பு. இந்த விளக்கில் அது செங்கல் நிறமாகிவிடுகிறது. போனில் சிவப்பை ஏற்றினால் வெள்ளைத் துணி ரோஸ் ஆகிறது. துணியைச் சரிசெய்தால் நூல் மறுபடி செங்கல். ஏ4 தாளை வைத்து ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே வரும்படி நிறத்தைச் சரிசெய்வது) பார்க்கலாமே என்பார்கள். அந்தத் தாளில் வெளுப்பைக் கூட்டும் வேதிப்பொருள் இருக்கிறது, நீலம் அடிக்கும். சாம்பல் அட்டையே வாங்கிப் பார்த்தேன். துணி சரியாயிற்று, சிவப்பு அசையவில்லை.

பெட்டியில் 'சி.ஆர்.ஐ. 95' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண் அது. ஆனால் அது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்பு அந்த எட்டில் கிடையாது. அதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது பெரும்பாலும் நீல ஒளி தரும் சிப்தான். அதன்மேல் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் மற்ற நிறங்களைச் சேர்க்கிறது. மலிவான பூச்சில் ஆழ்ந்த சிவப்புதான் குறையும். ஆகவே 95 என்பது பொய்யில்லாமலே இருக்கலாம், சிவப்பு மட்டும் மங்கிப்போகலாம். ஆர்9 எவ்வளவு என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். போன் செட்டிங்கை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். துணி விற்கிறவர்களுக்கென்றே விளம்பரம் செய்து விற்கும் பொருள் இது. கூறைப்புடவையிலிருந்து குங்கும நிற ரவிக்கைவரை சிவப்பில்லாமல் நம் ஊரில் என்ன துணிக்கடை?

இன்னொரு சங்கடமும் உண்டு, அதற்கு விளக்கைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைத் துணியைக் கேமரா தானாகவே மங்கலாக்கும். எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்ற வேண்டும். ஏற்றினால் சிவப்பு நூல் மொத்தையாகி, தையல் மறைந்துவிடும். நான் அரைப் படிதான் ஏற்றுகிறேன். சால்வைகளை இப்போது வடக்கு ஜன்னலில், பனி கெட்டியாக இருக்கும் காலையில் மட்டும் எடுக்கிறேன். அங்கே சிவப்பு சிவப்பாகவே வருகிறது.

இனி தங்கையின் கேள்வி. குழந்தைத் துணி பெரும்பாலும் வெளிர் நீலம், வெளிர் மஞ்சள், இளம் ரோஸ். நியாயமாகப் பார்த்தால் இந்த விளக்கு அவளுக்குப் போதும். குறைந்த விலைக்கு இவ்வளவு நல்ல பெட்டியும் ஸ்டாண்டும் கிடைப்பதும் கஷ்டம். ஆர்9 எண்ணை அச்சிட்டு விற்கும் பல்பைத் தனியாக வாங்கி மாட்டினால் எனக்கும் போதும், அதைத்தான் செய்யப்போகிறேன். ஆனாலும் வாங்கு என்று சொல்ல மனம் வரவில்லை. 'படத்தில் வேறு நிறம்' என்று ஒரு சால்வை இன்றுதான் திரும்பி வந்திருக்கிறது. அதில் எம்பிராய்டரி போட்ட பெண்ணின் உழைப்பு என் மேஜைமேல் கிடக்கிறது. கேட்ட எண்ணைச் சொல்லாத கம்பெனிக்கு இன்னொரு வீட்டுப் பணம் போக வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் ஆரம்பிக்கட்டும். அக்டோபர் மழையில் சமாளிக்க முடியாவிட்டால் என் செட்டில் ஒரு விளக்கை வந்து எடுத்துக்கொண்டு போகட்டும், எனக்கு ஒன்று போதும்.