போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ்: கிருஷ்ணகிரி ஏரிக்கரைப் பூக்களோடு சில வருஷம்

போன் கேமராவின் மேல் கிளிப் போட்டு மாட்டி, சின்னப் பொருளை நெருங்கிப் பெரிதாகப் படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் ஒன்றைச் சில வருஷமாக வைத்திருக்கிறேன். விலை ஆயிரம் ரூபாய்க்குள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காலை நடைக்குக் கிளம்பிவிடலாம். பெரிய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் பக்கத்து ஏரிக்கரையில் நடந்தால், "நிலம் அளக்க வந்தீங்களா?" என்று கேட்பார்கள். போனோடு குந்தி உட்கார்ந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆடு மேய்க்கிற ஆயா ஒருத்தர் மட்டும் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "ஏம்பா, களையப் போயி படம் புடிக்கறியே, வேற வேல இல்லியா?" என்றார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். "அட, தும்பையா இது!" என்று போனை வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டார்.

இந்த லென்ஸுக்கு வேலையே அந்த மாதிரிப் பூக்களிடம்தான். ஆவாரம்பூ, எருக்கு, ஊமத்தை எல்லாம் வெறும் போனிலேயே நன்றாக விழும். விரல் நகத்தைவிடச் சிறிய பூக்களில்தான் லென்ஸ் காசுக்கு உழைக்கிறது. ரோட்டோரமெல்லாம் கிடக்கும் மூக்குத்திப்பூ ஒற்றைப் பூ இல்லை, பல சின்னப் பூக்கள் சேர்ந்த கொத்து. ஓரத்து இதழ் ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல் இருக்கும். ஓரிதழ்தாமரையில் பெரிய இதழ் ஒன்றுதான் கண்ணுக்குப் படும், மீதி நாலும் லென்ஸில்தான் பிடிபடும். போகியன்று காப்புக் கட்டுகிற சிறுபூளையைப் பஞ்சு என்றே நினைத்திருப்போம். அந்தப் பஞ்சுக்குள்ளே பூக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

வாங்குகிறவர்கள் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்று '15எக்ஸ்', '20எக்ஸ்' எனப் பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எண் கூடக் கூட, பூவை இன்னும் நெருங்கியாக வேண்டும். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குப் போனால் போனின் நிழலே பூவை மூடிவிடும். பூவிலிருக்கும் எறும்பும் ஓடிவிடும். என்னுடையது ஏழெட்டு சென்டிமீட்டரில் தெளிவாகும் வகை. நடையில் எடுப்பதற்கு அதுவே தோது. பெட்டியில் லென்ஸின் திறனைச் சொல்லும் டயாப்டர் எண் இருந்தால் கணக்கு சுலபம்: நூறை அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை சென்டிமீட்டரில் தெளியும் என்று வந்துவிடும். 10 என்றால் 10 சென்டிமீட்டர்.

இனிமேல் சொல்லப்போவதுதான் பழகப் பிடிபட்ட சங்கதி. தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான், அதனால் திரையைத் தட்டித் தட்டி ஃபோகஸ் தேடிப் பயனில்லை. ஃபோகஸைப் பூட்டிவிட்டு, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, வரிசையாகப் பத்துப் படம் எடுத்தால் ஒன்று தேறும். ஆடிக் காற்றில் அதுவும் தேறாது. போன் தானாகப் பல படங்களை ஒட்டி ஒன்றாக்கும்போது ஆடுகிற பூ இரட்டையாக விழுகிறது. கேமராவை நாமே அமைத்துக்கொள்ளும் ப்ரோ மோடில் ஷட்டரை 1/500 நொடியைவிட வேகமாக வைத்தால் அந்தத் தொல்லை குறையும். காற்று எழும்புவதற்கு முன்னால் போய்விடுவது அதைவிட மேல். விஷ்ணுகிராந்தியின் நீலமும் காலையில்தான், வெயில் ஏறினால் சுருங்கிவிடும்.

தும்பை மாதிரி வெள்ளைப் பூவுக்கு வெளிச்சத்தை நாமே குறைக்க வேண்டும். பின்னணி இருட்டாக இருப்பதால் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் வெளுக்க வைக்கும், இதழின் நெளிவெல்லாம் போய்விடும். மஞ்சளும் கிட்டத்தட்ட அப்படித்தான். நெருஞ்சியில் இன்னொரு வம்பு. அது சூரியனைப் பார்த்தே விரிந்திருக்கும், நேராகப் போய் நின்றால் நம் நிழல் விழும். பக்கவாட்டில் மண்டியிட்டால் முள் குத்தும். கோணிச் சாக்குத் துண்டு ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன்.

செங்காந்தளுக்கு இந்த லென்ஸைக் கழற்றிவிடுங்கள். மாநில மலர், வேலிச் செடியில் தொற்றி ஏறும். பச்சை மஞ்சளில் விரிந்து போகப்போகச் சிவக்கும். மேலே சுருண்ட இதழ், கீழே பரந்த ஆறு மகரந்தத் தாள்கள், செங்கோணத்தில் ஒடிந்தாற்போல் திரும்பிய சூல்தண்டு எல்லாம் சேர்ந்துதான் அழகு. நெருங்கினால் ஏதோ ஒன்றுதான் கிடைக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. கிளிப்பின் ரப்பர் வெயிலில் இறுகி இப்போது வழுக்குகிறது. படத்தின் ஓரங்கள் மங்கல், வெள்ளைப் பூவின் விளிம்பில் ஊதாக் கோடு விழும். நடுவை மட்டும் வெட்டி வைத்துக்கொள்கிறேன். செம்மண் தூசி ஒட்டினால் முதலில் ஊதித் தள்ள வேண்டும், அப்புறம்தான் துணி. சட்டை நுனியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல்தான் மிச்சம். போனில் மூன்று கேமரா இருந்தால் தானாக வேறொன்றுக்குத் தாவும். அந்த வசதியை நிறுத்தி வையுங்கள்.

பெயர் தெரியாத பூவுக்குப் பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் செயலிகள் உதவும். பூ மட்டும் போதாது. இலையின் மேல்புறம், அடிப்புறம், தண்டு, முழுச் செடி என்று தனித்தனிப் படம் கொடுங்கள். தும்பையிலேயே பல இனம் உண்டு, பூவை மட்டும் வைத்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு இந்த லென்ஸோடு போகலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வேண்டாம் என்பேன். அங்கே பெரும்பகுதி 2014ல் அறிவித்த காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம், அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. யானை நடமாட்டம் உள்ள இடத்தில் தலையைக் குனிந்து பூவில் மூழ்கிக் கிடப்பது புத்திசாலித்தனமும் இல்லை. ஐப்பசி மழை முடிந்த ஏரிக்கரையும் கொள்ளுக்காட்டு வரப்பும் போதும். அங்கேயும் உட்காரும் முன் குச்சியால் புல்லைத் தட்டிக்கொள்ளுங்கள்.

புதிய போன் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். அதிலேயே இருக்கும் மேக்ரோவில் ஒரு தும்பைப் பூவை எடுத்துப் பாருங்கள். மேல் உதட்டில் அடர்ந்திருக்கும் வெள்ளை ரோமம் தனித்தனியாகத் தெரிந்தால் லென்ஸ் தேவையில்லை. வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால் வாங்கலாம்.