நாலு வருஷமாக என் விசிட்டிங் கார்டை நானே அடிக்கிறேன்

மொழிபெயர்ப்பு எனக்குத் தொழில். நாலு வருஷமாக என் விசிட்டிங் கார்டை நானே வடிவமைத்து, வீட்டு இன்க்ஜெட் பிரிண்டரிலேயே அடித்துக்கொள்கிறேன். ஒரு ஏ4 தாளுக்குப் பத்து கார்டு. போன் நம்பர் மாறியபோது குப்பைக்குப் போனவை நாலே நாலு. இந்த ஒரு வசதிக்காகவே இன்னும் விடாமல் செய்கிறேன்.

முதல் தடவை, திரையில் பெரிதாக்கிப் பார்த்தே திருப்திப்பட்டுவிட்டேன். முகவரியை 6 பாயின்ட் எழுத்தளவில் வைத்திருந்தேன். தாளில் 'ண', 'ணை' எல்லாம் சுழி அடைத்துக் கருப்பாக நின்றன. மெய்யெழுத்தின் புள்ளி மேல் வரியோடு ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்துக்கு 7 பாயின்ட் தாங்கும், தமிழுக்கு என் கண்ணுக்கு 9 ஆவது வேண்டும். வரிகளுக்கு நடுவிலும் தாராளமாக இடம் விடுங்கள். போதவில்லையா, எழுத்தைச் சுருக்காமல் விஷயத்தைக் குறையுங்கள். நான் முகவரியையே எடுத்துவிட்டேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

பின்னணி நிறம் ஓரம் வரை வர வேண்டுமென்றால், வெட்டும் கோட்டைத் தாண்டி 3 மி.மீ. நீட்ட வேண்டும். 85க்கு 55 மி.மீ. கார்டுக்கு அப்படி நீட்டினால் ஒரு தாளில் ஒன்பதுதான் அடங்கும். அதனால் வெள்ளைப் பின்னணியே எனக்குப் பிடித்துப்போனது. அச்சிடும்போது அளவு 100 சதவீதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 'தாளுக்குப் பொருத்து' (Fit to page) என்று விட்டால் கார்டு சுருங்கிவிடும்.

300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) அட்டை என் பிரிண்டரின் முன் தட்டில் வளைந்து சிக்கியது. 250 ஜி.எஸ்.எம். அட்டையைப் பின்பக்கத் தட்டில் வைத்தால் நேராகப் போகிறது.

மனசு உடைந்தது மை விஷயத்தில்தான். ஒரு வாடிக்கையாளர் ஒரு வருஷம் கழித்துப் பர்ஸிலிருந்து என் கார்டை எடுத்துக் காட்டினார். வியர்வை பட்டு நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் நீலமாகக் கரைந்திருந்தது. டை (dye) மை, அதாவது நீரில் கரைந்த சாய மை அப்படித்தான், ஈரம் தாங்காது. அடுத்து, நீரில் கரையாத நிறத்துகள் உள்ள பிக்மென்ட் மை போடும் பிரிண்டருக்கு மாறினேன். இப்போது ஒவ்வொரு தாளிலும் ஒரு கார்டின் மேல் ஈர விரலைத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் வெட்டுகிறேன். ஸ்டீல் ஸ்கேல், புது பிளேடு, அழுத்தாமல் மூன்று இழுப்பு.

பர்ஸில் இன்னும் ஆறு கார்டு இருக்கிறது. அடுத்த தாளில் பெயரை 12 பாயின்ட்டுக்கு ஏற்றிப் பார்க்கப் போகிறேன்.