20 − 2(7 − 3): ஆன்லைன் கணக்கு வகுப்புகளுக்கு நான் வைத்த பரீட்சை

மகளுக்கு 12 வயது. ஆறாம் வகுப்புப் பாதியில் பள்ளியை விட்டு நின்று, கோவையில் வீட்டிலேயே படிக்கிறாள். தமிழ், அறிவியல், வரலாறு எல்லாம் ஒருவழியாக ஓடுகிறது. கணக்கு மட்டும் ஓடவில்லை. எனக்குக் கணக்கு வரும். சொல்லித்தர உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் குரல் உயர்ந்துவிடும். அவள் பென்சிலைச் சீவப் போனால் திரும்பி வர அரைமணி நேரம். சரி, இது நமக்கு வேண்டாம் என்று வெளியே தேட ஆரம்பித்தேன்.

தேட ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே மாதிரி பேசுகிறது. எல்லாரும் அடிப்படையிலிருந்து சொல்லித்தருவார்கள், எல்லாரும் மனப்பாடத்துக்கு எதிரி. எதை வைத்து ஒப்பிடுவது என்றே தெரியாமல் ஒரு மாதம் போனது. அப்புறம் அவளுடைய நோட்டிலேயே அளவுகோல் கிடைத்தது.

20 − 2(7 − 3) என்று ஒரு கணக்கு. விடை 12. திங்கட்கிழமை 0 என்று எழுதியிருந்தாள். வியாழக்கிழமை அதே கணக்கைக் கொடுத்தேன், 72. இரண்டும் தப்பு, ஆனால் இரண்டும் வேறு வேறு வியாதி. 0 வந்த அன்று பங்கீட்டுப் பண்பை வைத்து, அதாவது வெளியே இருக்கும் 2-ஐ உள்ளே இருக்கும் ஒவ்வொரு எண்ணோடும் பெருக்கி, அடைப்பைப் பிரித்திருக்கிறாள்: 20 − 14 − 6. உள்ளே இருக்கும் மைனஸை வெளியே இருக்கும் மைனஸ் பிளஸ் ஆக்கும் என்பது பிடிபடவில்லை. 72 வந்த அன்று அடைப்பைச் சரியாக 4 என்று முடித்துவிட்டு, இடமிருந்து வலமாக வாசிக்கிற பழக்கத்தில் 20-இல் 2 போக 18, அதை 4-ஆல் பெருக்கி 72. குறி சரியாகப் புரிந்திருந்தாலும் வரிசை போய்விட்டது. முதல் வியாதிக்குக் கொடுக்கும் மருந்து இரண்டாவதற்கு உதவாது.

ஆக, ஒவ்வொரு வகுப்பிடமும் நான் கேட்க வேண்டியது ஒன்றுதான் என்று முடிவு செய்தேன். இந்த 0-வையும் 72-ஐயும் யார் பார்க்கப் போகிறார்கள்?

முதலில் கான் அகாடமி, இலவசம் என்பதால். சல்மான் கான் 2004-இல் தன் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லித்தரப் போய், 2008-இல் லாப நோக்கமற்ற நிறுவனமாக ஆக்கியது. இந்தியப் பாடத்திட்டப்படி வகுப்புவாரியாகவும் இருக்கிறது. வீடியோ விளக்கத்தில் குறையே சொல்ல முடியாது. புரியாத இடத்தில் நிறுத்தி நான்கு தடவை கேட்டாலும் அந்த ஆள் சலித்துக்கொள்ள மாட்டார். என்னிடம் இல்லாத குணம்.

பயிற்சிப் பகுதிக்கு வந்தால்தான் சிக்கல். இதே மாதிரிக் கணக்கு ஒன்றில் நானே உட்கார்ந்து, குறி தப்பி வரும் விடையை ஒரு முறை, வரிசை தப்பி வரும் விடையை ஒரு முறை கொடுத்துப் பார்த்தேன். நான் பார்த்த பயிற்சியில் இரண்டுக்கும் ஒரே வரவேற்பு: சரியில்லை, மறுபடி முயற்சி செய், வேண்டுமானால் குறிப்பைத் திற. குறிப்பில் சரியான வழி படிப்படியாக வருகிறது. அவள் எங்கே தடம் மாறினாள் என்பது வருவதில்லை. பிள்ளைகள் இதில் ரொம்பச் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள். ஒரு பயிற்சியில் 70 சதவீதம் வந்தால் ஒரு படி, 100 வந்தால் அடுத்த படி. மகள் மூன்றாவது வாரத்தில் குறிப்புகளைத் திறந்து, மாதிரியைப் பார்த்து, எண்ணை மட்டும் மாற்றிப் போட்டு 100 வாங்கிக்கொண்டிருந்தாள். திரையில் எல்லாம் பச்சை. நோட்டில் இன்னும் 72.

அதற்காகக் கானை ஒதுக்கச் சொல்லவில்லை. தப்பைத் தானே தேடிக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு இதுவே போதும், காசு செலவழிக்க வேண்டாம். என் மகள் அந்த ரகம் இல்லை. அந்த வயதில் நானும் இல்லை.

அடுத்தது ஆர்ட் ஆஃப் பிராப்ளம் சால்விங் என்ற அமெரிக்கக் கணக்குத் தளம். டல்லஸில் இருக்கும் என் நாத்தனார் வீட்டிலும் ஹோம்ஸ்கூலிங்தான். அங்கே அது சாதாரணம். அவள் மகன் ஒரு வருடமாக இதில் படிக்கிறான். கணக்குப் போட்டிகளில் ஊறிய ரிச்சர்ட் ருஸ்சிக் ஆரம்பித்தது, ஆன்லைன் வகுப்புகள் 2003-இலிருந்து. வகுப்பு என்றதும் ஆசிரியர் முகம் தெரியும் என்று நினைத்தேன். முகமும் கிடையாது, குரலும் கிடையாது. எல்லாம் தட்டச்சுதான். ஆசிரியர் ஒரு கேள்வியை எழுதுவார், பிள்ளைகள் விடையைத் தட்டி அனுப்புவார்கள், அதில் அவர் தேர்ந்தெடுத்ததுதான் எல்லார் திரையிலும் வரும். மற்ற இடங்களில் சூத்திரம் முதலில், கணக்கு பிறகு. இங்கே கணக்கு முதலில் வந்து விழும். முட்டி மோதிய பிறகுதான் சூத்திரத்துக்குப் பெயரே கிடைக்கும்.

என் பரீட்சையில் இது நல்ல மார்க் வாங்கியது, ஆனால் நேரலை வகுப்பில் அல்ல, வீட்டுப்பாடத்தில். விடை மட்டும் கேட்கும் கணக்குகளோடு, முழு விளக்கம் எழுதி அனுப்பும் கணக்கும் வருகிறது. அதை ஒரு மனிதர் வாசித்துத் திருத்துகிறார். விடை சரியா என்பதோடு, சொன்ன விதம் வாசிக்கிறவருக்குப் புரிகிறதா என்றும் எழுதுகிறார். நாத்தனார் மகனுக்கு வந்த குறிப்புகளைப் படித்துப் பார்த்தேன். இரண்டாம் வரியிலிருந்து மூன்றாம் வரிக்கு எப்படிப் போனாய் என்று கேட்டிருந்தார். 72 எப்படி வந்தது என்று கேட்கும் ஆள் இவர்தான்.

அப்புறம் ஏன் சேரவில்லை? அவனுக்கு வகுப்பு அங்கே மாலை 6.30. இங்கே மறுநாள் விடிகாலை 5 மணி. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்ததும் 6 மணி. மார்கழி மாதம் கோலம் போட எழுந்திருக்கவே யோசிக்கிற வீடு இது. இரண்டாவது, ஆங்கிலம் வேகமாக வாசித்து வேகமாகத் தட்ட வேண்டும். கணக்குப் புரிந்தும் தட்டி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். மூன்றாவது காசு: ஒரு பாடத்துக்குப் பல நூறு டாலர்.

ஆனால் இதில் ஒரு வழி இருக்கிறது. அவர்களுடைய ஆல்குமஸ் என்ற பயிற்சித் தளம் இலவசம். பிள்ளை சரியாகச் செய்யச் செய்யக் கணக்கு கடினமாகிக்கொண்டே போகும், முடித்ததும் முழு விளக்கமும் வரும். ருஸ்சிக்கே பாடம் நடத்தும் வீடியோக்களும் இலவசம். அவர்களுடைய எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று சொல்லும் தேர்வுத்தாள்களும் அப்படியே. வகுப்பில் சேராதவர்களும் இவற்றை விட வேண்டாம்.

மூன்றாவது, நம் ஊர் நிறுவனங்களின் நேரலை வகுப்பு. ஒரு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர். ஒன்றில் 12 வகுப்பு வாங்கினோம். மாதிரி வகுப்பு எடுத்த டீச்சர் அருமை, மவுஸால் கோணல்மாணலாக எழுதிய 72-ஐப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "இங்க எதை முதல்ல செஞ்சே?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவே இல்லை. 12 வகுப்புக்கு மூன்று டீச்சர். ஒவ்வொருவருக்கும் அன்றைய ஒர்க்‌ஷீட்டை முடிக்கிற அவசரம். நடுவில் விற்பனைப் பிரிவிலிருந்து வாரம் இரண்டு போன்: உங்க பொண்ணுக்கு அடிப்படை வீக், இரண்டு வருஷத்துக்குச் சேர்ந்து கட்டினால் சலுகை, வட்டியில்லாத் தவணையும் உண்டு. தவணை என்று சொல்லி வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடுகளில் கவனமாக இருக்கச் சொல்லி மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் அறிவுரை வெளியிட்டது. 2024-இல் ஆன்லைன் பாட நிறுவனமான பைஜூஸ் திவால் வழக்குக்குள் போனதையும் பார்த்துவிட்டோம். நல்ல டீச்சர் அமைந்தால் இந்த முறை நன்றாகவே நடக்கும். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்டால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

கடைசியில் அமைந்தது, தேடும்போது பட்டியலிலேயே இல்லாதது. தெரிந்தவர் வீட்டுப் பெண், எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. வாரம் இரண்டு மணி நேரம், மணிக்கு 350 ரூபாய். இணையத்தில்தான், அவர் பொள்ளாச்சியில் இருக்கிறார். மகள் அக்கா என்று கூப்பிடுகிறாள், அவர் இவளைக் குட்டி என்கிறார்.

இதில் வேலை செய்தது ஒரு பழைய போன். நான்கு தடிமனான புத்தகங்களை அடுக்கி, மேலே பழைய போனை நீட்டி வைத்து, கேமரா நேரே நோட்டைப் பார்க்கும்படி செய்தோம். மகள் முகம் அக்காவுக்குத் தெரியாது, கை தெரியும். பென்சில் எங்கே தயங்குகிறது, எதை அழித்தாள் என்பது தெரியும். முதல் வாரமே 20 − 2 என்று எழுதப் போன இடத்தில் நிறுத்தி, "குட்டி, அந்த 2 யாரோட ஆளு? 20-ஓட ஆளா, அடைப்புக்குறியோட ஆளா?" என்று கேட்டார். மூன்று மாதம் பச்சை வட்டங்கள் செய்யாததை அந்தக் கேள்வி செய்தது. குறி விஷயம் அத்தனை சுலபமாகப் போகவில்லை. அதற்கு ஒரு மாதம் எண்கோட்டில் குதிக்க வேண்டியிருந்தது.

குறைகளும் உண்டு. அக்காவிடம் பாடத்திட்டம் கிடையாது. சமச்சீர் புத்தகத்தை இணையத்திலிருந்து இறக்கி அதன் வரிசையில் போகிறோம். அதில் தகவல் செயலாக்கம் என்று ஒரு இயல் வருகிறது. பள்ளியில் அவசரமாகத் தாண்டிவிடுவார்கள், எங்கள் வீட்டில் அதுதான் விருப்பமான இயல். பிறகு என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதுவதாகத் திட்டம். அதற்கு 14 வயது நிரம்ப வேண்டும், அவசரமில்லை. அதன் கணக்குப் பாடத்தில் தவணை முறையில் பொருள் வாங்குவது பற்றியும் ஒரு பாடம் இருக்கிறது. அந்த விற்பனைப் பிரிவுத் தம்பியோடு பேசும் முன்பே நான் அதைப் படித்திருக்கலாம்.

இப்போதைய ஏற்பாடு: செவ்வாய், வெள்ளி அக்கா. மற்ற நாட்களில் ஆல்குமஸ் அரைமணி நேரம், நோட்டில் எல்லாப் படியும் எழுதி, அடிக்காமல் அழிக்காமல். புரியாத பாடத்துக்கு மட்டும் கான் வீடியோ. பயிற்சிப் பகுதியை மூடிவிட்டோம். நவம்பரில் அக்காவுக்கே செமஸ்டர் பரீட்சை. அந்த நான்கு வாரமும் நோட்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறார். இரவு பத்து மணிக்கு மேல் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவாராம்.