பிளானட் எர்த் 2: கேமரா தரைக்கு இறங்கிய தொடர்

2006-இல் வந்த பிளானட் எர்த் என்ற இயற்கை ஆவணப்படத் தொடரின் முதல் பாகத்தில் ஹெலிகாப்டர் காட்சிகள்தான் பெரிதாகப் பேசப்பட்டன. பிபிசி 2016-இல் ஒளிபரப்பிய இரண்டாம் தொடரில் கேமரா விலங்கின் கண்மட்டத்துக்கே வந்துவிட்டது. கேமராவை ஆடாமல் தாங்கும் கருவியான கிம்பல் செய்த வேலை அது. கேமராவைக் கையில் பிடித்து ஓடினாலும் படம் குலுங்காது. அதனால் ஜூம் லென்ஸால் எட்டிப் பார்க்காமல் விலங்கோடு கூடவே போக முடிகிறது.

மொத்தம் 6 பகுதிகள். டேவிட் அட்டன்பரோ பின்னணிக் குரல்.

முதல் பகுதியில் வரும் கலாபகஸின் ஃபெர்னாண்டினா தீவுக் காட்சிக்காகவே தொடரைப் பார்க்கலாம். மணலில் இருந்து வெளிவந்த கடல் இகுவானா (ஒரு வகைப் பெரிய பல்லி) குட்டி, பாறையை எட்ட வேண்டும். வழியெல்லாம் ரேசர் பாம்புகள். குட்டி அசையாமல் நின்றால் பாம்பு கவனிக்காது. ஓடத் தொடங்கினால் நாலாபக்கமும் கிளம்பி வரும். ஒரு பாம்பு சுற்றி இறுக்கிய பிறகும் குட்டி நழுவித் தப்பும் இடத்தில் யாரும் மூச்சு விடமாட்டார்கள். ஆனால் இது ஒரே குட்டியின் ஓட்டம் அல்ல. பல குட்டிகளை எடுத்த ஷாட்டுகளைச் சேர்த்துத் தொகுத்ததை தயாரிப்பாளரே பிற்பாடு சொன்னார். இந்த வகைப் படங்களில் அது வழக்கம்தான். சத்தமும் அப்படியே: தூரத்தில் இருந்து எடுத்த காட்சியில் காலடியோசை பதியாது, ஸ்டுடியோவில் சேர்ப்பார்கள். எரிச்சல் தருவது இசைதான். எப்போது பயப்பட வேண்டும் என்று அதுவே சொல்லிக்கொடுக்கிறது.

அடுத்துச் சொல்ல வேண்டியது கடைசிப் பகுதியான 'நகரங்கள்'. மும்பையில் இரவில் பன்றி வேட்டையாடும் சிறுத்தையை வெப்பத்தைப் பதிவு செய்யும் கேமராவில் எடுத்திருக்கிறார்கள். பார்படாஸில் தெருவிளக்கை நிலவொளி என நினைத்துச் சாலைப் பக்கம் போகும் ஆமைக்குஞ்சுகளும் இதில்தான். 'மலைகள்' பகுதியில் லடாக் பனிச்சிறுத்தைகளை, பாறையில் விட்டுவந்த தானியங்கிக் கேமராக்கள் பிடித்திருக்கின்றன. 'காடுகள்' மட்டும் துண்டு துண்டாக ஓடுகிறது.

டிவி செட்டிங்கை மாற்றாமல் பார்த்தால் பாதி உழைப்பு வீண். முதலில் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள் (எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ). படத்தில் இல்லாத ஃப்ரேம்களை (தனித்தனிப் படங்களை) அது தானே உருவாக்கி இடையில் செருகும். இறக்கை வேகமாக அடிக்கும் இடங்களில் விளிம்பு கிழிந்து தெரியும். பிறகு படமுறையில் (பிக்சர் மோட்) 'விவிட்'டை விட்டு 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' முறைக்கு வாருங்கள். ஷார்ப்னஸைக் கூட்டினால் விலங்கின் ரோமத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும்.

வெட்டுக்கிளிக் கூட்டம், அலை நுரை மாதிரி திரை முழுக்கச் சிறு அசைவுகள் உள்ள காட்சிகள்தான் ஸ்ட்ரீமிங்குக்குச் சோதனை. ஒவ்வொரு புள்ளியும் மாறிக்கொண்டே இருப்பதால், பிட்ரேட் (நொடிக்கு வரும் தரவின் அளவு) போதாமல் படம் கட்டம் கட்டமாக உடையும். 4கே ப்ளூரே வட்டில் அதைவிடப் பல மடங்கு தரவுக்கு இடம் உண்டு. பெரிய திரை வைத்திருப்பவர்கள் வட்டையே வாங்கலாம். சிறிய திரையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் படமெடுத்த விதத்தைச் சொல்லும் சுமார் 10 நிமிடத் துண்டு உண்டு. பென்குயின்கள் நிறைந்த ஸவடோவ்ஸ்கி எரிமலைத் தீவில் கரையிறங்கப் படக்குழு படும் பாடு அதில்தான் வருகிறது. அது வெட்டப்பட்ட பதிப்பாக இருந்தால் வாங்காதீர்கள்.