ஹெட்செட் விலை வேறு, வி.ஆர். செலவு வேறு

வி.ஆர். கேம், அதாவது தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உள்ளேயே நுழைந்துவிட்டதுபோல ஆடும் மெய்நிகர் கேம் ஆட எப்படிப்பட்ட கம்ப்யூட்டர் வேண்டும், எவ்வளவு ஆகும் என்று யாராவது கேட்டால், என்ன கேம் ஆடப்போகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். பாட்டுக்கேற்ப வாள் வீசும் பீட் சேபர் என்று பதில் வந்தால் கம்ப்யூட்டரே வேண்டாம், பேச்சு அங்கேயே முடிந்தது. காக்பிட்டில் உட்கார்ந்து விமானம் ஓட்டவேண்டும் என்றால், சரி, கொஞ்சம் விவரமாகப் பேசவேண்டியிருக்கும்.

வழிகள் மூன்று: கம்ப்யூட்டரே இல்லாமல் தனியாக ஓடும் குவெஸ்ட், பிளேஸ்டேஷன் 5-உடன் சேரும் பிஎஸ் விஆர்2, கேமிங் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஹெட்செட்டுகள். கீழே வரும் டாலர் கணக்கெல்லாம் பெரும்பாலும் அந்தந்தப் பொருள் வெளிவந்தபோது அமெரிக்காவில் அறிவித்த விலை. கடையில் ஏறும், இறங்கும். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

2016-இல் ஆக்குலஸ் ரிஃப்ட் வந்தபோது ஹெட்செட் மட்டும் 599 டாலர். அதற்கு ஜிடிஎக்ஸ் 970 அல்லது ஆர்9 290 கிராபிக்ஸ் கார்டு (படம் வரையும் பாகம்), ஐ5-4590 பிராசஸர், 8 ஜிபி ரேம் இருக்கவேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டரும் ஹெட்செட்டும் சேர்ந்த கட்டு 1,499 டாலரில் ஆரம்பித்தது. கைக் கண்ட்ரோலர்கள் அந்த வருடக் கடைசியில்தான் வந்தன, அதற்குத் தனியாக 199. இன்னொரு ஹெட்செட்டான ஹெச்டிசி வைவ் 799. இன்றைக்கு நிலைமை தலைகீழ். 2024 அக்டோபரில் வந்த குவெஸ்ட் 3எஸ் 299.99 டாலர்தான், கம்ப்யூட்டரும் கேட்பதில்லை. ஹெட்செட் மலிவாகிவிட்டது. ஆனால் அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்து முழுத் தெளிவில் ஆட நினைத்தால், கம்ப்யூட்டர் செய்யவேண்டிய வேலை பல மடங்கு கூடியிருக்கிறது.

எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். சாதாரண 1080பி திரையில் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம் என்றால், கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு 12.4 கோடி பிக்சல் வரைகிறது. பழைய ரிஃப்ட்டின் திரைக்கு, நொடிக்கு 90 ஃபிரேம் வீதம், 23.3 கோடி. பெரிய 4கே திரையில் 60 ஃபிரேமுக்கு 49.8 கோடி. குவெஸ்ட் 3-இல் ஒரு கண்ணுக்கு 2064×2208; இரண்டு கண்ணுக்கும் 90 ஃபிரேம் வீதம் 82 கோடி. லென்ஸ் படத்தை வளைப்பதால், அதைச் சரிக்கட்ட இதைவிடவும் பெரிய படமாக வரையவேண்டும். அது தனி.

பிக்சலைவிடப் பெரிய தொல்லை நேரம். 90 ஃபிரேம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 11.1 மில்லி செகண்ட். சாதாரணத் திரையில் நாலு ஃபிரேம் தவறினால் லேசாகத் தடுக்கும், ஆட்டம் போய்க்கொண்டே இருக்கும். ஹெட்செட்டுக்குள் அப்படித் தவறினால் தலை ஒரு பக்கம் திரும்பும், உலகம் அரை வினாடி கழித்து வருவதுபோல இருக்கும், வயிறு புரட்டும். கம்ப்யூட்டரால் முடியாதபோது 45 ஃபிரேம் மட்டும் வரைந்துவிட்டு, நடுவில் உள்ளவற்றை மென்பொருள் ஊகித்து நிரப்பும் ஏற்பாடு உண்டு. கையை முகத்துக்கு நேரே வேகமாக வீசிப் பாருங்கள். விரல் ஓரமெல்லாம் ஜெல்லி மாதிரி நெளிந்தால் உங்கள் கார்டு திணறுகிறது என்று அர்த்தம்.

இதைப் படித்துவிட்டுப் பயந்து ஆயிரக்கணக்கில் செலவழிக்க ஓடவேண்டாம். ஹெட்செட்டின் முழுத் தெளிவில்தான் வரையவேண்டும் என்று கட்டாயம் இல்லை, செட்டிங்கில் குறைத்துக்கொள்ளலாம். பிசி வி.ஆரின் சிகரம் என்று பலரும் சொல்லும் ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் (2020) கேட்கும் குறைந்தபட்சம் ஐ5-7500, 12 ஜிபி ரேம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060, அவ்வளவுதான். நான் அதை ஒரு பழைய 1060-இல்தான் முடித்தேன். தூரத்துச் சுவர் கொஞ்சம் மங்கலாக இருந்தது. அந்தக் கேமில் வரும் நண்டு மாதிரி ஜந்து தலைமேல் பாயும்போது சுவரை யார் பார்த்தார்கள்?

தனியாக ஓடும் ஹெட்செட்டா, கன்சோலா?

299.99 டாலர் குவெஸ்ட் 3எஸ், 499.99 டாலர் குவெஸ்ட் 3 இரண்டிலும் ஒரே ஸ்னாப்டிராகன் எக்ஸ்ஆர்2 ஜென் 2 சிப்தான். கேம்களும் அவையே. 200 டாலர் வித்தியாசம் முக்கியமாக லென்ஸிலும் திரையிலும் போகிறது. 3எஸ்ஸில் குவெஸ்ட் 2 காலத்து ஃப்ரெனல் லென்ஸ். நேராகப் பார்த்தால் தெளிவு, கண்ணை ஓரத்துக்கு நகர்த்தினால் மங்கல், இருட்டுக் காட்சியில் வெளிச்சக் கீற்று. குவெஸ்ட் 3-இன் பேன்கேக் லென்ஸில் ஓரம் வரை எழுத்து படிக்கும்படி இருக்கும். வாள் வீசவும் குத்துச்சண்டை போடவும் 3எஸ் தாராளம். பின்னால் கம்ப்யூட்டரோடு இணைத்துக் காக்பிட் மீட்டர்களைப் படிக்கும் எண்ணம் இருந்தால், அந்த 200 டாலரை மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டுக்கும் பொதுவான குறை, உள்ளே இருப்பது போன் ரக சிப். ஒரே கேமை இதிலும் பிசியிலும் அடுத்தடுத்துப் பார்த்தால் நிழல் எங்கே போயிற்று என்று தேடுவீர்கள்.

கன்சோல் வழியில் தலைவலி இல்லை. எந்த கார்டு, எத்தனை ஜிபி என்ற பேச்சே கிடையாது. பிஎஸ் விஆர்2 2023-இல் 549.99 டாலருக்கு வந்தது. அதை ஓட்டும் பிஎஸ்5-இன் அறிமுக விலையே 499.99தான். வண்டியைவிடச் சீட்டுக்கு விலை அதிகம்! 2025 மார்ச்சில் 399.99-க்கு இறக்கினார்கள். ஓஎல்இடி திரை என்பதால் கறுப்பு கறுப்பாகவே தெரியும். கண் எங்கே பார்க்கிறதோ அங்கே மட்டும் கூர்மையாக வரைந்து மற்ற இடத்தில் வேலையைக் குறைத்துக்கொள்ளும் தந்திரமும் உண்டு. குறை கேம் பட்டியலில்தான். முதல் பிஎஸ் விஆருக்கு வாங்கிய கேம்கள் அப்படியே இதில் ஓடாது. 2024-இல் 59.99 டாலருக்கு ஒரு அடாப்டர் விட்டார்கள், இதைக் கம்ப்யூட்டரிலும் மாட்டலாம். ஆனால் மாட்டினால் ஹெச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் நன்றாகப் பிரித்துக் காட்டும் வசதி), கண் கண்காணிப்பு, ஹெட்செட் அதிர்வு, கண்ட்ரோலர் டிரிக்கரின் இறுக்கம் எல்லாம் போய்விடும். கார்டிலிருந்து படத்தைக் கொண்டுபோகும் டிஸ்பிளேபோர்ட் கேபிளும் தனியாக வாங்கவேண்டும், கம்ப்யூட்டரில் புளூடூத் இல்லையென்றால் அதுவும்.

கம்ப்யூட்டர் வழி

இங்கேதான் பணம் போவது தெரியாமல் போகும்.

ஏற்கெனவே ஓரளவு நல்ல டெஸ்க்டாப் இருந்தால் கார்டு மட்டும் மாற்றினால் போதும். 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி, 299 டாலர். 2025-இல் வந்த 5060 டிஐ, 8 ஜிபி 379, 16 ஜிபி 429. 5070, 12 ஜிபி, 549. இதில் என் ஓட்டு 16 ஜிபி 5060 டிஐ-க்கு. வி.ஆரில் கார்டின் நினைவகம் நிறைந்தால் ஆட்டம் மெல்ல மெல்ல மந்தமாவதில்லை. 10 மில்லி செகண்டில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு திருப்பத்தில் 30-க்குத் தாவும், உங்களைச் சுற்றியுள்ள உலகமே விக்கும். அந்த 50 டாலர் வித்தியாசம் இந்த விக்கலுக்கு மருந்து. 1,599 டாலர் 4090 ரகமெல்லாம் கார் பந்தயமும் விமானமும் ஓட்டுபவர்களுக்கு. அவர்களுக்கு மட்டும் பிராசஸரும் பெரிதாக வேண்டும். 7800எக்ஸ்3டி மாதிரி பெரிய கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) உள்ளதைத் தேடுவது அதனால்தான். மற்றவர்கள் ஆறு கோர் நடுத்தரப் பிராசஸரோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தைக் கார்டில் போடலாம்.

கார்டு வாங்குமுன் கேபினட்டைத் திறந்து பவர் சப்ளையைப் பாருங்கள். அலுவலகத்திலிருந்து கழித்துக்கட்டிய டெஸ்க்டாப்பை மலிவாக வாங்கி கேமிங்குக்கு மாற்றலாம் என்று நானும் ஒருமுறை கிளம்பினேன். உள்ளே 240 வாட் சப்ளை, மதர்போர்டில் அந்த நிறுவனத்துக்கே உரிய பிளக். சாதாரண சப்ளை பொருந்தாது. அதற்கேற்ற கன்வெர்ட்டர், புது சப்ளை, அப்புறம் கார்டு நீளத்துக்குப் புதுப் பெட்டி. கடைசியில் பார்த்தால் புதிதாகவே ஒன்றைச் சேர்த்திருக்கலாம்.

லேப்டாப்பில் பெயரை நம்பக்கூடாது. லேப்டாப் 4090-இல் இருப்பது டெஸ்க்டாப் 4080-இன் ரகச் சிப், 16 ஜிபி நினைவகம். டெஸ்க்டாப் 4090-இல் 24 ஜிபி. இன்னொரு கண்ணி போர்ட்டில் இருக்கிறது. நண்பன் ஒருவன் ‘வி.ஆர். ரெடி’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய லேப்டாப் வாங்கினான். டிஸ்பிளேபோர்ட் கேட்கும் ஹெட்செட்டைக் கொண்டுவந்து பார்த்தால், வெளியே இருந்தது ஹெச்டிஎம்ஐ மட்டும். யுஎஸ்பி-சி வழியாக முயன்றால் அது உள்ளமைந்த கிராபிக்ஸோடு இணைந்திருந்தது, பெரிய கார்டை எட்டவே இல்லை. ஞாயிறு மதியம் முழுக்க அடாப்டர் மாற்றி மாற்றிச் சொருகியதுதான் மிச்சம். குவெஸ்ட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது படத்தை வீடியோவாகச் சுருக்கி சாதாரண யுஎஸ்பியிலோ வைஃபையிலோ வாங்கிக்கொள்கிறது. சுருக்குவதால் புல்வெளி, இலைக்கூட்டம் போன்ற இடங்களில் லேசாகக் கரகரக்கும். வைஃபை என்றால் கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு லேன் கேபிள் போட்டு, ஆடும் அறையிலேயே 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் வைக்கவேண்டும். இந்தச் செலவைப் பட்ஜெட்டில் யாரும் எழுதுவதே இல்லை.

சுருக்காத படம்தான் வேண்டும் என்பவர்கள் டிஸ்பிளேபோர்ட் ஹெட்செட்டுகளுக்குப் போகிறார்கள். 2019-இல் வந்த வால்வ் இண்டெக்ஸ் முழுக் கட்டாக 999. பிக்ஸ்கிரீன் பியாண்ட் வெறும் 127 கிராம்தான், ஆனால் அதற்கும் 999 டாலர், அதுவும் தலையில் மாட்டுவதற்கு மட்டும். இண்டெக்ஸ் கண்ட்ரோலர் 279, தலையும் கையும் அசைவதைக் கண்டுபிடிக்க அறையில் வைக்கும் பேஸ் ஸ்டேஷன் இரண்டு, தலா 149. கூட்டினால் 1,576, கம்ப்யூட்டரை இன்னும் தொடவே இல்லை.

அதனால், பறக்கும் கூட்டம் தவிர மற்ற எல்லோருக்கும் நான் சொல்லும் வரிசை இது: முதலில் தனியாகவும் ஓடும், பிசியோடும் சேரும் ஹெட்செட்டை வாங்குங்கள். இரண்டு மாதம் அப்படியே ஆடுங்கள். பிறகு இருக்கிற கம்ப்யூட்டரில் இணைத்துப் பாருங்கள். எங்கே திணறுகிறது என்று கண்ணால் கண்டபிறகு கார்டு. இந்த இரண்டு மாதத்தில் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் ஆசையே விட்டுப்போகும் என்பது என் ஊகம்.

ஹெட்செட்டின் ஆயுள் அதன் மென்பொருளின் கையில் இருப்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். ஹெச்பி ரிவெர்ப் ஜி2 2020-இல் 599 டாலர், அந்த விலைக்கு அருமையான திரை. அது ஓடியது விண்டோஸ் மிக்ஸட் ரியாலிட்டி என்ற மென்பொருளில். 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடுவதாக அறிவித்தது, 2024-இல் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து எடுத்தே விட்டது. நல்ல நிலையில் இருந்த ஹெட்செட் ஒரு அப்டேட்டில், காகிதம் பறக்காமல் மேலே வைக்கும் கல்லாகிவிட்டது.

பழைய ஹெட்செட் வாங்குவதானால் கண்ட்ரோலரையும் பட்டையையும் பார்ப்பதற்கு முன்னால் திரையைப் பாருங்கள். லென்ஸ் வழியாக வெயில் சில நிமிடம் விழுந்தாலே பூதக்கண்ணாடி காகிதத்தைச் சுடுவதுபோலத் திரை சுட்டுவிடும். வெறும் வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒரு புள்ளியோ புழு மாதிரி ஒரு கோடோ தெரிந்தால், என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.