மருத்துவமனைக் கழிவுக் கணக்கு மென்பொருள்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு மதிப்பீடு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பகுதியிலுள்ள எங்கள் மருத்துவமனையில், கழிவுப் பைகளை எடை போட்டு, பார்கோடு ஒட்டிக் கணக்கில் ஏற்றும் மென்பொருளையும் அதனுடன் இணைந்த மின்னணுத் தராசையும் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். நோய்த்தொற்றுத் தடுப்புப் பிரிவில் பணிபுரிபவள் என்ற முறையில், இதை வாங்க எண்ணும் பிற மருத்துவமனைகளுக்காக எழுதுகிறேன்.

2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் பைகளுக்குப் பார்கோடு, அன்றாடப் பதிவேடு, ஜூன் 30க்குள் ஆண்டறிக்கை ஆகியவற்றைக் கட்டாயமாக்கியுள்ளன. இவற்றை மென்பொருள் குறையின்றிச் செய்கிறது. சுத்திகரிக்காத உடலுறுப்புக் கழிவு, இரத்தக்கறை படிந்த கழிவு போன்றவற்றை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால், கெடு நெருங்கும் பைகளைத் திரையில் தனியே காட்டுவதும் பயனுள்ளது.

எனக்கு மிகவும் பிடித்தது வார்டுவாரிக் கணக்கு. ஒரு வார்டில் மட்டும் மஞ்சள் பையின் எடை தொடர்ந்து ஏறியதைக் கண்டு போய்ப் பார்த்தபோது, கையுறை அட்டைப்பெட்டிகளும் மருந்து உறைகளும் அதற்குள் கிடந்தன. மஞ்சள் பை எரியுலைக்குப் போவது. அதில் விழும் அட்டை, மறுசுழற்சிக்குப் போக வேண்டியதாக இருந்தும் சாம்பலாகிறது. பழைய பதிவேட்டில் மருத்துவமனை முழுவதற்கும் ஒரே கூட்டுத்தொகை இருந்ததால், இந்தத் தவறு எங்கே நடக்கிறது என்று எவருக்கும் தெரிந்ததில்லை.

மறுசுழற்சிக் கணக்கை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. குளுக்கோஸ் ஏற்றும் குழாய்கள், ஊசி நீக்கிய சிரிஞ்சுகள் போன்றவை சிவப்புப் பையில் சேர்ந்து, சுத்திகரிப்பு நிலையத்தில் ஆட்டோகிளேவ் செய்யப்பட்டு (உயரழுத்த நீராவியால் கிருமி நீக்கப்பட்டு), துண்டாக்கப்பட்ட பிறகே மறுசுழற்சியாளரிடம் போகின்றன. ஆனால் இந்த மென்பொருளோ, சிவப்புப் பை எங்கள் வாயிலைத் தாண்டியதும் அதன் முழு எடையையும் மறுசுழற்சியானதாக அறிக்கையில் சேர்த்துவிடுகிறது. நிலையம் பெற்றுக்கொண்ட எடை பதிவாகும் வரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்க வேண்டும்.

அதைவிடக் கவலை தருவது, தராசின் இணைப்பு அறுந்தால் எடையைக் கையால் தட்டச்சு செய்ய முடிவதும், அப்படிச் செய்ததற்கான அடையாளம் எதுவும் எஞ்சாததுமாகும். எல்லையோரத்தில் இருக்கும் எங்களுக்கு இது சிறிய விஷயமன்று. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பின் அது லாரிகளில் திரும்ப அள்ளப்பட்டதும் இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். எங்கோ ஒரு வயல் ஓரத்தில் பை கிடந்தால், அது யாருடையது, எங்கே கைமாறியது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி இந்தப் பதிவுதான். அதைத் திருத்த இடம் இருக்கவே கூடாது.

பைகளைத் தூக்கும் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். திரையிலோ ஆங்கிலமும் மலையாளமும் மட்டுமே உள்ளன. தடித்த ரப்பர் கையுறையுடன் தொட்டால் திரை இயங்குவதில்லை. கையுறையைக் கழற்றச் செய்யும் எந்தக் கருவியும் கழிவு சேமிக்கும் அறையின் பக்கத்தில் இருக்கத் தகுதியற்றது என்பதால், பட்டன் உள்ள ஸ்கேனரையே கேட்டு வாங்குங்கள்.

வார்டுவாரிக் கணக்குக்காக இதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் கையால் எடை பதிவதைத் தடுப்பதும், நிலையத்தின் ஒப்புகையை இணைப்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வந்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.